கச்சான் மில்லும் கொழும்பு முதலாளியின் கணக்கும்

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் இரண்டையும் தவிர்த்து அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவரும் கணவரும் ஒரு தகரக் கொட்டிலில் கச்சான் வறுத்துப் பொதி செய்து விற்கிறார்கள். எள்ளு ஆட்டி நல்லெண்ணெயும் எடுக்கிறார்கள். அயலில் உள்ள ஆறு பெண்களுக்கு அங்கே வேலை. கச்சானும் எள்ளும் சுற்றுவட்டார விவசாயிகளிடம் வாங்குவதுதான். இந்தியாவோடும் தாய்லாந்தோடும் புதிய வர்த்தக ஒப்பந்தங்கள் வருவதாகச் செய்தி கேட்டதிலிருந்து வீட்டில் ஒரே வாக்குவாதம். “இந்தியக் கச்சான் வந்து குவியப் போகுது அக்கா, இப்பவே மூடிவிட்டு வேறு தொழில் பார்” என்கிறார் தம்பி. கொழும்பு முதலாளி ஒருவர் நேர் எதிராகப் பேசுகிறார். வெளிநாட்டு எள்ளை மலிவாக இறக்கித் தருவாராம், இவர்கள் ஆட்டி எண்ணெயாக்கினால் இலங்கைப் பொருள் என்று தீர்வை இல்லாமல் சென்னைக்கு அனுப்பலாமாம். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும், காணியை வைத்து 60 இலட்சம் கடன் எடுக்க வேண்டும், புதிய கம்பனியில் இவரே பணிப்பாளராகக் கையெழுத்திட வேண்டும். கனடாவில் உள்ள அண்ணா கொஞ்சம் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். மகள் கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அந்த வேலைக்கும் ஆபத்து வருமா என்ற பயமும் கடிதத்தில் இருக்கிறது.

கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: “2002இல் ஏ9 பாதை திறந்தபோது தெற்கிலிருந்து வந்த சவர்க்காரத்தால் அம்மாவின் சவர்க்காரத் தொழில் ஒரு மாதத்தில் படுத்துவிட்டது. எனக்கும் அதுதான் நடக்குமா ஐயா?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வரவு செலவுக் கணக்கையும் சேர்த்து அனுப்பியது நல்ல வேலை. அது இருப்பதால்தான் பொதுவாகப் பேசாமல் உங்கள் மில்லைப் பற்றியே பேச முடிகிறது.

அம்மாவின் சவர்க்காரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வி முழுவதும் அதற்குள் இருக்கிறது. தொண்ணூறுகளில் வன்னிக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் சவர்க்காரமும் இருந்தது. வெளியிலிருந்து வராத பொருளை உங்கள் அம்மா கையில் கிடைத்ததை வைத்துச் செய்து கொடுத்தார். அந்த நாட்களில் அது ஊருக்குச் செய்த பெரிய உதவி. பாதை திறந்ததும் தொழில் நின்றது அவருடைய திறமைக் குறைவால் அல்ல. அந்தத் தொழில் ஒரு தடையின் மேல் நின்றது, தடை போனதும் தொழிலுக்குக் கீழே ஒன்றும் இருக்கவில்லை. அதே வருடம் அதே பாதையால் மண்ணெண்ணெய் விலை இறங்கியது, சீனி விலை இறங்கியது, வன்னி நெல்லுக்கும் மீனுக்கும் வெளியில் சந்தை கிடைத்தது. ஒரே பாதை ஒரு வீட்டுக்கு நட்டத்தையும் ஊருக்கு நன்மையையும் கொண்டு வந்தது. வர்த்தக ஒப்பந்தங்களும் இதைத்தான் செய்கின்றன. ஆகவே “ஒப்பந்தம் நல்லதா கெட்டதா” என்று கேட்பதைவிட, “என் தொழில் எதன் மேல் நிற்கிறது” என்று கேளுங்கள். உங்கள் கச்சான் மில்லுக்கும் கொழும்பு முதலாளியின் யோசனைக்கும் இந்தக் கேள்வியின் பதில் வேறு வேறு.

தம்பியின் பயம்

தம்பி நினைப்பதுபோல இந்தியாவோடு ஒப்பந்தம் இனிமேல்தான் வர வேண்டும் என்றில்லை. இந்திய இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச் முதலாம் திகதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் மில் தொடங்கியதே அந்த ஒப்பந்தம் இருக்கும்போதுதான். பாகிஸ்தானோடு 2005இலிருந்து, தெற்காசிய நாடுகளோடு சாப்டா என்ற பெயரில் 2006இலிருந்து, சிங்கப்பூரோடு 2018இலிருந்து ஒப்பந்தங்கள் உண்டு. தாய்லாந்து ஒப்பந்தம் 2024 பெப்ரவரியில் கொழும்பில் கையெழுத்தானது. இந்தியாவோடு இப்போது பேசப்படுவது பழைய ஒப்பந்தத்தை விரிவாக்குவது பற்றி. 2016இல் தொடங்கி இடையில் நின்று, 2023இல் திரும்பவும் தொடங்கிய பேச்சு அது.

ஒப்பந்தம் கையெழுத்தானால் மறுநாளே எல்லாம் தீர்வை இல்லாமல் வரும் என்பதும் சரியல்ல. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சலுகை கிடையாத பொருட்களின் பட்டியல் ஒன்று இருக்கும். இந்திய ஒப்பந்தத்தில் இலங்கை ஏறத்தாழ 1,180 பொருட்களை அப்படி ஒதுக்கி வைத்தது. விவசாயப் பொருட்களில் பெரும் பகுதி அதற்குள்தான். சலுகை கொடுத்த பொருட்களுக்கும் இந்தியா மூன்று வருடத்தில், 2003க்குள், தீர்வையை நீக்க, சின்ன நாடு என்பதால் இலங்கை 2008 வரை அவகாசம் எடுத்தது. அதற்கு மேல், சலுகை என்பது சுங்கத் தீர்வைக்கு மட்டும். செஸ் வரியும் துறைமுக, விமான நிலைய அறவீடும் தனியாக நிற்கும்.

இதைவிட உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிற ஆபத்து வேறு. வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் போன்றவற்றை இறக்குமதி செய்யும்போது விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்று ஒன்று உண்டு. அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வர்த்தமானி போதும். அறுவடை நேரத்தில் அறவீடு இறங்கினால் விவசாயி விழுந்துபோவார், சில வாரம் கழித்து ஏறினால் இறக்குமதி செய்து அடுக்கி வைத்தவர் பிழைத்துக்கொள்வார். ஒப்பந்தத்தை ஒரே இரவில் மாற்ற முடியாது, வர்த்தமானியை மாற்றலாம். வருடக்கணக்காகப் பேசி எழுதப்படும் ஒப்பந்தத்துக்குப் பயந்து தூக்கத்தைக் கெடுப்பதைவிட, ஒவ்வொரு போகத்திலும் வரும் வர்த்தமானியைக் கவனிப்பது உங்களுக்கு உதவும். கமநல சேவை நிலையத்தில் ஒரு நல்ல உத்தியோகத்தரைத் தெரிந்து வைத்திருந்தாலே போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என்றோ ஒருநாள் பச்சைக் கச்சானுக்கு வாசல் திறந்தால், வறுத்து விற்கிற உங்களுக்கு மூலப்பொருள் மலியும். உங்களுக்குக் கச்சான் தருகிற விவசாயிக்குத்தான் அடி விழும். நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நிற்கிறீர்கள். அப்படி ஒரு நாள் வரும்போது அயல் விவசாயிகளை விட்டுவிடாமல் இருக்க வேண்டுமென்றால், அவர்களுடைய கச்சானுக்குத் தரத்தால் ஒரு தனி விலை கிடைக்க இப்போதே வழி செய்ய வேண்டும். கடைசியில் அதற்கு வருகிறேன்.

சில நாடுகள் மட்டும் சேரும்போது

“எல்லா நாட்டோடும் ஒரே மாதிரி வியாபாரம் செய்யாமல் ஏன் இரண்டு மூன்று நாடுகளோடு தனி ஒப்பந்தம்?” என்று கேட்டிருந்தீர்கள். மில்லை நடத்துகிற ஒருவர் இதைக் கேட்டது எனக்குச் சந்தோஷம்.

ஒரு நாட்டுக்குக் கொடுக்கிற சலுகையை உலக வர்த்தக அமைப்பின் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது உலக வர்த்தகத்தின் அடிப்படை விதி. ஆனால் சில நாடுகள் தங்களுக்குள் ஏறத்தாழ முழு வியாபாரத்தையும் திறந்துவிட்டால், அதற்கு விதிவிலக்கு உண்டு. வளர்ந்துவரும் நாடுகளுக்கு 1979இல் இன்னும் தளர்வான ஏற்பாடு வந்தது. நம் பக்கத்து ஒப்பந்தங்களில் நீளமான விலக்குப் பட்டியல்கள் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இப்படியான ஒப்பந்தங்களால் இரண்டு விளைவுகள் வரலாம் என்று ஜேக்கப் வைனர் என்ற பொருளியலாளர் 1950இல் பிரித்துக் காட்டினார். முதலாவது, உள்ளூரில் அதிக செலவில் செய்ததை விட்டு, பக்கத்து நாட்டிலிருந்து மலிவாக வாங்குவது. அது புதிதாக உண்டாகும் வியாபாரம், மொத்தத்தில் இலாபம். இரண்டாவது, தூரத்து நாட்டிலிருந்து உண்மையிலேயே மலிவாக வந்துகொண்டிருந்ததை, தீர்வைச் சலுகை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, விலை கூடிய பக்கத்து நாட்டிலிருந்து வாங்கத் தொடங்குவது. அது திசை மாறிப்போன வியாபாரம்.

எண்ணில் பார்ப்போம். ஒரு பொருள் தூர நாட்டில் 100 ரூபாய், பக்கத்து நாட்டில் 110 ரூபாய், தீர்வை 20 சதவீதம் என்று வையுங்கள். இரண்டுக்கும் தீர்வை இருந்தால் 120, 132. நீங்கள் தூர நாட்டுப் பொருளை 120க்கு வாங்குவீர்கள், அதில் 20 ரூபாய் அரசுக்குப் போகும். பக்கத்து நாட்டுக்கு மட்டும் தீர்வையை எடுத்துவிட்டால் அந்தப் பொருளை 110க்கு வாங்குவீர்கள். உங்களுக்கு 10 ரூபாய் மிச்சம், ஆனால் அரசுக்கு 20 ரூபாய் போய்விட்டது. கடையில் நன்மை தெரிகிறது, நாட்டுக் கணக்கில் 10 ரூபாய் நட்டம். இலங்கை அரசின் வருமானத்தில் துறைமுக வாசலில் அறவிடும் வரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் காசு குறைந்தால் எங்கே முதலில் வெட்டு விழும் என்று வன்னியில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முடியாமல் கிடக்கிற ஒரு குளத்துக் கட்டோ பள்ளிக்கூடக் கட்டடமோ உங்கள் ஊரிலும் இருக்கும்.

சேருகிற நாடுகள் யார் யார் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். கென்யா, உகண்டா, தன்சானியா மூன்றும் சேர்ந்து 1967இல் கிழக்கு ஆபிரிக்க சமூகத்தை அமைத்தன. தொழிற்சாலைகள் ஏற்கனவே வலுவாக இருந்த கென்யாவின் பக்கமே சாய்கின்றன என்ற மனக்குறை மற்ற இரண்டுக்கும் வளர்ந்தது. அரசியல் பகையும் சேர்ந்து 1977இல் அந்த அமைப்பு உடைந்தது. 2000இல் திரும்பவும் உயிர் கொடுத்து, 2005இல் சுங்க ஒன்றியம் தொடங்கினார்கள். ஏழை நாடுகள் சில தங்களுக்குள் மட்டும் வேலி போட்டுக்கொண்டால் வேலிக்குள் வலுவானவரிடம் தொழில் சேரும் என்பதற்கு இது பாடப்புத்தக உதாரணம். இதற்கு மாறாக புரூணை, சிலி, நியூசிலாந்து, சிங்கப்பூர் என்ற நான்கு சின்ன நாடுகள் 2006இல் ஒரு ஒப்பந்தத்தைத் தொடங்கின. அவை ஏற்கனவே வெளியுலகுக்குத் தீர்வையைக் குறைத்து வைத்திருந்தவை, விரும்பும் மற்ற நாடுகளும் பிறகு சேர இடம் விட்டிருந்தன. அந்த விதையிலிருந்துதான் 2018இல் 11 நாடுகளின் பசிபிக் ஒப்பந்தம் வந்தது, 2024 டிசம்பரில் பிரிட்டனும் அதில் சேர்ந்தது. எல்லாரோடும் குறைந்த தீர்வை வைத்திருக்கிற நாடு யாரோடு ஒப்பந்தம் செய்தாலும் வியாபாரம் திசை மாறும் ஆபத்து குறைவு. இலங்கை அப்படியான நாடல்ல. அதனால் நம்முடைய ஒப்பந்தங்களை வரிக்கு வரி பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சிங்கப்பூர் ஒப்பந்தத்தால் முல்லைத்தீவு நண்டுக்கு நன்மை வந்ததா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூர் ஏற்கனவே ஏறத்தாழ எந்தப் பொருளுக்கும் தீர்வை அறவிடாத நாடு. ஆகவே ஏற்றுமதிப் பக்கத்தில் புதிதாகக் கிடைக்கத் தீர்வைச் சலுகை என்று அதிகம் இருக்கவில்லை.

கொழும்பு முதலாளியின் யோசனை

இதில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும், சகோதரி.

தீர்வை இல்லாமல் இந்தியாவுக்குள் போக, பொருள் இலங்கையில் உற்பத்தியானதாக இருக்க வேண்டும். நம் மண்ணில் விளைந்த எள்ளில் எடுத்த எண்ணெய் என்றால் பிரச்சினையே இல்லை, முழுவதும் நம் நாட்டுப் பொருள். வெளிநாட்டு எள்ளு என்றால் இரண்டு நிபந்தனைகள். பொருளின் சுங்கக் குறியீட்டு எண்ணில் முதல் நான்கு இலக்கம் மாற வேண்டும். எள்ளு 1207, நல்லெண்ணெய் 1515, ஆகவே அது மாறுகிறது. கப்பலேற்றும் விலையில் குறைந்தது 35 சதவீதம் இலங்கையில் சேர்ந்த பெறுமதியாக இருக்க வேண்டும் என்பது அடுத்தது. முதலாளி முதல் நிபந்தனையைச் சொல்லியிருக்கிறார், இரண்டாவதைச் சொல்லவில்லை.

உங்கள் கணக்கிலேயே, ஒரு லீற்றர் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எள்ளு போகிறது. வெளிநாட்டு எள்ளு கிலோ 400 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது என்றும், எண்ணெயின் கப்பலேற்றும் விலை லீற்றர் 1,300 ரூபாய் என்றும் உதாரணத்துக்கு வைப்போம். எள்ளுக்கு மட்டும் 1,000 ரூபாய். மிஞ்சுவது 300, அதாவது 23 சதவீதம். 35க்கு எட்டாது. எள்ளு இந்தியாவிலிருந்து வந்தால் தளர்வு உண்டு: இந்தியப் பங்கும் சேர்ந்து 35 வந்தால் இலங்கைப் பங்கு 25 சதவீதம் போதும். அதற்கும் இந்தக் கணக்கு கொஞ்சத்தில் தவறுகிறது. ஆட்டுவது என்பது பெறுமதி அதிகம் சேர்க்கிற வேலையல்ல, விலையில் பெரும் பங்கு விதையில்தான் இருக்கிறது. விலைகள் மாறினால் வீதமும் மாறும் என்பது உண்மை. அப்படியானால் அந்த மாறிய விலைகளை முதலாளி எழுத்தில் காட்டட்டும். “பில்லில் எண்ணெய் விலையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் சரி” என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். அது பொய் அறிவிப்பு, கையெழுத்து உங்களுடையது.

இந்த வழியில் முன்பே போனவர்கள் இருக்கிறார்கள். இந்திய ஒப்பந்தம் வந்த புதிதில் பாமாயிலுக்கு இந்தியாவில் தீர்வை அதிகம், இலங்கையில் குறைவு. அந்த இடைவெளியைப் பார்த்து இந்திய முதலீட்டாளர்கள் இங்கே வனஸ்பதி (கட்டியாக்கிய சமையல் எண்ணெய்) ஆலைகளைப் போட்டார்கள். வெளியிலிருந்து பாமாயிலை இறக்கி, வனஸ்பதியாக்கி, தீர்வை இல்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். செம்பிலும் இப்படியே நடந்தது. 2000இல் 6 கோடி டொலரைத் தொடாமல் இருந்த இந்தியாவுக்கான ஏற்றுமதி 2005இல் 55 கோடியைத் தாண்டியதில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு. இந்திய உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள், வருடத்துக்கு 250,000 தொன் என்று வனஸ்பதிக்கு எல்லை வந்தது. பிறகு இந்தியா பாமாயில் தீர்வையையே குறைத்தது. இடைவெளி போனது, ஆலைகளும் மூடப்பட்டன. உங்கள் அம்மாவின் சவர்க்காரத்தைப் போலவே அவையும் ஒரு தடையின் மேல்தான் நின்றன. அம்மா அந்தத் தொழிலுக்குக் காணியை ஈடு வைக்கவில்லை என்பது பெரிய வித்தியாசம்.

மிளகுக் கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக இலங்கைப் பெயரில் போகிறது என்று இந்திய விவசாயிகள் போராடினார்கள். 2017 டிசம்பரில் இந்தியா மிளகுக்குக் கிலோ 500 இந்திய ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. அந்த அடி கள்ளமாக அனுப்பியவரோடு நிற்கவில்லை, தன் தோட்டத்தில் மிளகு பறித்த மாத்தளை விவசாயிக்கும் விழுந்தது. 2020 செப்டம்பரிலிருந்து இந்தியச் சுங்கம் இன்னும் இறுக்கம். சான்றிதழ் மட்டும் போதாது, பொருள் எப்படி உற்பத்தியானது, எந்தப் பங்கு எங்கிருந்து வந்தது என்ற விபரத்தை வாங்குகிறவரே கையில் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சான்றிதழ் கொடுத்த நாட்டிடம் விசாரிப்பார்கள். அந்த விசாரணை கொழும்பில் நிற்காது, உங்கள் கொட்டிலுக்கு வரும். எள்ளு வாங்கிய துண்டு, மின்சார பில், ஆட்டிய அளவு, பிண்ணாக்கு விற்ற கணக்கு எல்லாம் கேட்பார்கள். பணிப்பாளராகக் கையெழுத்திட்ட நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

காணியைப் பற்றியும் ஒன்று. உங்களுடையது உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்று கடிதத்தில் தெளிவில்லை. வன்னியில் பெரும்பாலும் அனுமதிப்பத்திரம்தான். அப்படியானால் பிரதேச செயலாளரின் ஒப்புதல் இல்லாமல் ஈடு வைக்க முடியாது, தனியாரிடம் வைப்பதாக எழுதிக் கொடுப்பதும் செல்லாது. கடன் பத்திரத்துக்கு முன் பிரதேச செயலகத்தில் காணிப் பகுதிக்குப் போய் கோவையைப் பாருங்கள்.

முதலாளியை முற்றாக மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே வாங்குபவர் இருந்தால் ஒரு மாற்று வழி இருக்கிறது: எள்ளு அவருடையது, ஏற்றுமதியும் பொறுப்பும் அவருடையது, நீங்கள் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஆட்டிக் கொடுங்கள். பிண்ணாக்கு யாருக்கு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இருக்கிற இயந்திரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், ஆபத்தை உங்கள் தலையில் வைக்கத்தான் அவருக்கு நீங்கள் தேவைப்பட்டீர்கள் என்று விளங்கிக்கொள்ளலாம்.

மகளின் வேலை

ஆடைத் தொழிற்சாலை ஐரோப்பாவுக்கு அனுப்புவது ஒப்பந்தத்தால் அல்ல. ஜிஎஸ்பி பிளஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியம் தானாகக் கொடுக்கிற சலுகை. 27 சர்வதேச உடன்படிக்கைகளை நாடு மதிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மனித உரிமைக் காரணங்களால் 2010 ஓகஸ்டில் பறிபோய், 2017 மேயில் திரும்பக் கிடைத்தது. கொழும்பில் எடுக்கப்படும் முடிவுகள் கிளிநொச்சித் தையல் மேசை வரை வருவது இந்த வழியால்தான்.

இங்கே உங்கள் பயத்தில் நியாயம் உண்டு, ஆனால் அது நாம் கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் பற்றி இருக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் தங்களுக்குள் செய்யும் ஒப்பந்தங்களும் நம்மைத் தாக்கும். ஐரோப்பாவோடு வியட்நாமின் ஒப்பந்தம் 2020 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனும் இந்தியாவும் 2025 ஜூலையில் கையெழுத்திட்டன. நமக்கு மட்டும் இருந்த சலுகை போட்டியாளருக்கும் கிடைக்கும்போது, நம் தீர்வை ஒரு சதமும் கூடாமலே நம் இடம் சுருங்குகிறது. இதனால் நாளைக்கே தொழிற்சாலை மூடும் என்று நான் சொல்ல வரவில்லை. தர மேற்பார்வை, இயந்திரப் பராமரிப்பு என்று எதையாவது படிக்க மகளுக்கு வாய்ப்பு வந்தால் விட வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்தச் சலுகை போனாலும் அந்தப் படிப்பு அவரோடு இருக்கும்.

இனிச் செய்யக்கூடியவை

உங்கள் கடிதத்தில் என்னைக் கவர்ந்த வரி, அண்ணா கனடாவில் நண்பர்களுக்குக் கொடுத்த வறுத்த கச்சான் பொதிகளை அவர்கள் திரும்பக் கேட்கிறார்கள் என்பது. அதற்கு எந்த ஒப்பந்தமும் தேவையில்லை. அங்கே உங்களைத் தடுக்கப்போவது தீர்வை அல்ல, பூஞ்சண நஞ்சு. கச்சான் ஈரத்தோடு அடுக்கப்பட்டால் அஃப்லடொக்சின் உண்டாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாகச் சாப்பிடும் கச்சானில் அதன் மொத்த அளவு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. கச்சான் பிடுங்கிய கையோடு மழை வந்தால் வன்னியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்: சாக்கில் கட்டி வீட்டு மூலையில் வைப்பார்கள், இரண்டு நாளில் சூடு கிளம்பும். ஆகவே 60 இலட்சத்து இயந்திரத்துக்கு முன், விவசாயிகளுக்குத் தறப்பாளும், வாங்கும் இடத்தில் ஒரு ஈரமானியும், நிலத்தில் படாமல் அடுக்க மரத் தட்டுகளும் வாங்குங்கள். காய வைத்துக் கொண்டுவந்த கச்சானுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். நான் முன்பு சொன்ன தனி விலை இதுதான்.

கனடாவில் இறக்குமதி செய்பவருக்கு உணவு அனுமதிப்பத்திரம் வேண்டும். அண்ணாவின் பெயரில் பொதி பொதியாக அனுப்புவதை வியாபாரம் என்று நினைக்க வேண்டாம். கச்சானும் எள்ளும் இரண்டுமே அங்கே ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளவை. ஒரே கொட்டிலில் இரண்டையும் செய்கிறீர்கள், ஆகவே கச்சான் பொதியில் எள்ளு பற்றிய எச்சரிக்கையும், எண்ணெய்ப் போத்தலில் கச்சான் பற்றிய எச்சரிக்கையும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டி வரும். முடிந்தால் ஆட்டும் பக்கத்தையும் வறுக்கும் பக்கத்தையும் ஒரு சுவரால் பிரித்துவிடுங்கள். அண்ணா தரும் காசை இதற்குப் பயன்படுத்தலாம்.

இந்தியாவுக்கு அனுப்பும் ஆசை இருந்தால் உள்ளூர் எள்ளோடு போங்கள். சிறுபோகத்தில் உங்கள் பக்கத்து விவசாயி போடுகிற எள்ளில் எடுத்த எண்ணெய்க்கு 35 சதவீதக் கணக்கே தேவையில்லை. வாங்கும்போது யாரிடம், எந்தக் காணியில் விளைந்தது, எத்தனை கிலோ என்று ஒரு கொப்பியில் எழுதி அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். 1515.50 என்ற குறியீட்டுக்கு இந்தியா சலுகை தருகிறதா, இல்லை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறதா என்று கொழும்பில் வர்த்தகத் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் கொடுப்பவர்களும் அவர்கள்தான். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்பது உங்கள் உரிமை. வாங்குபவரைத் தேட ஏற்றுமதி அபிவிருத்திச் சபையை அணுகலாம். நல்லெண்ணெய் தமிழ்நாட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிற பொருள் என்பதையும் மறக்க வேண்டாம். தீர்வை இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரும் வாங்கமாட்டார்கள்.

தம்பியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். மில்லை மூட இப்போது காரணம் எதுவும் இல்லை. முதலாளியிடம் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள்: எள்ளு எந்த நாட்டிலிருந்து எந்த விலைக்கு வருகிறது, சென்னையில் வாங்குபவர் யார், இந்தியா நாளைக்கு விதியை மாற்றினால் கடனை யார் கட்டுவது. கம்பனிப் பத்திரத்தின் வரைவைத் தந்திருந்தால் அதன் பிரதியையும், உங்கள் காணிப் பத்திரத்தின் முதல் பக்கத்தையும் எனக்கு அனுப்பி வையுங்கள். பார்த்து எழுதுகிறேன். அதுவரை வங்கியிலோ அவரிடமோ எதிலும் கையெழுத்திட வேண்டாம்.